ஒரு தூக்குவிளக்குத் தாங்கி, நான்கு கோளாறுகள்: வீட்டுக் கொல்லுப்பட்டறை வேலை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வேலை சிறியது. சங்கிலியும் எண்ணெயும் சேர்த்து 2.5 கிலோ வரும் பித்தளைத் தூக்குவிளக்கைத் திண்ணைச் சுவரில் தொங்கவிட ஓர் இரும்புத் தாங்கி. விளக்கு சுவரிலிருந்து 250 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். தாங்கியின் கை நடுவில் முறுக்கப்பட்டு, நுனியில் கொக்கியாக வளைந்து ஓர் இலையில் முடியும். கைக்குக் கீழே, சுவர்ப்பட்டையோடு அதை இணைக்க ஒரு சுருள். வெல்டிங் வைக்கவில்லை. கையின் பின்நுனி, மெலிந்த முளையாகப் பட்டையின் துளைக்குள் நுழைந்து பின்னால் அடித்துப் பரப்பப்படும். சுருள் இரண்டு ரிவிட்டில் நிற்கும்.

முதலில் உருவான தாங்கி நான்கு இடத்தில் கெட்டது. கொக்கியை வளைக்கும்போது இலை கழுத்தோடு முறிந்தது. முறுக்கு ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் தளர்ந்து நின்றது. இலையை மாற்றி மாட்டிய பிறகு, கை சுவர்ப்பட்டையில் ஆடத் தொடங்கியது. மழைக்காலம் வந்ததும் சுண்ணாம்புச் சுவரில் பழுப்புக் கோடுகள் இறங்கின. நான்கையும் பிரித்துப் பார்த்தால் கைத்திறன் குறைவு என்று சொல்லத்தக்கது ஒன்றுகூட இல்லை. மெல்லிய இரும்பு எவ்வளவு சீக்கிரம் ஆறும், எவ்வளவு சீக்கிரம் எரியும், அதனால் எந்த வேலையை எதற்கு முன் முடிக்க வேண்டும் என்ற கணக்கு தவறியதுதான் பெரும்பாலான காரணம். கலப்பைக் கொழுவை அடிப்பவருக்கு ஒரு சூட்டில் கிடைக்கும் நேரம், 2 மி.மீ. இலையை அடிப்பவருக்குக் கிடைக்காது.

இரும்பும் அளவும்

சுவர்ப்பட்டைக்கு 25×6 மி.மீ. பட்டை, 300 மி.மீ. நீளம். கைக்கு 12 மி.மீ. சதுரக் கம்பி. சுருளுக்கு 20×5 மி.மீ. பட்டை. இரும்புக்கடையில் 12 சதுரத்தை இன்னமும் ‘4 நூல் சதுரம்’ என்றே கேட்கிறார்கள்; அங்குலக் கணக்கில் 4 நூல் 12.7 மி.மீ. ஆகும், கையில் கிடைப்பது பெரும்பாலும் 12. மீட்டருக்கு 1.13 கிலோ வருகிறதா என்று எடை போட்டால் தெரிந்துவிடும். முழுத் தாங்கியும் ஏறத்தாழ 1 கிலோ.

வாங்க வேண்டியது சாதாரண மெல்லிரும்பு. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2062இன் ஈ250 வகையில் கரிமம் 0.23 சதவீதத்தைத் தாண்டாது. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் உடையும் அளவுக்குக் கெட்டிப்படாது. இந்தச் சலுகை இருந்தால்தான் கீழே சொல்லும் தண்ணீர் ஊற்றும் வேலைகளைச் செய்ய முடியும். காயலான் கடையில் கிடைக்கும் பழைய ஆக்ஸில், ஸ்பிரிங் கம்பி போன்றவற்றில் கரிமம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. பழுத்த நிலையில் தண்ணீர் பட்டால் அவை கண்ணாடி போல நொறுங்கக்கூடும். வீடு கட்டி மிஞ்சிய டி.எம்.டி. கம்பியும் இந்த வேலைக்கு உதவாது. ஐ.எஸ். 1786 அதற்கு 0.30 சதவீதம் வரை கரிமம் அனுமதிக்கிறது என்பதைவிடப் பெரிய சிக்கல் அதன் மேலுள்ள வரம்புகள். சதுரமாக அடிக்கும்போது அந்த வரம்பு மடிந்து உள்ளே அமுங்கும், மடிப்பு ஒட்டாது, அது பின்னால் விரிசலாகத் திறக்கும். துத்தநாகம் பூசிய பைப்பையோ கம்பியையோ உலைக்குள் வைக்கவே கூடாது. துத்தநாகம் 907 பாகை செல்சியஸில் கொதித்து ஆவியாகும். அந்தப் புகையை இழுத்தவருக்கு அன்றிரவு குளிர்சுரம் வரும்.

இனி, எவ்வளவு நீளம் வெட்டுவது. இலை 60 மி.மீ. நீளம், அகன்ற இடத்தில் 28 மி.மீ., சராசரிக் கனம் 2 மி.மீ.க்குச் சற்று மேல். இலை வடிவின் பரப்பு, நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி வருவதில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்தால் 1,120 சதுர மி.மீ.; கன அளவு ஏறத்தாழ 2,460. கம்பியின் குறுக்குப் பரப்பு 144. ஆக 17 மி.மீ. கம்பி போதும், சூட்டில் மேல்தோல் கறுத்துச் செதிலாக உதிர்வதற்கும் அரத்துக்கும் சேர்த்து 20 என்று கொள்ளலாம். அடுத்து, கொக்கியாக வளையப்போகும் 7 மி.மீ. உருண்டைக் காம்பு 100 மி.மீ. நீளத்துக்கு 27 மி.மீ. கம்பியைத் தின்னும். சதுரமாகவே நிற்கும் பகுதி 190. முளைக்கு 4. கூட்டினால் 241, 250 எடுத்தால் சரி.

ஆனால் 250 மி.மீ. துண்டாக முதலிலேயே வெட்டிவிடக் கூடாது. முதல் தாங்கியில் நடந்தது அதுதான். குட்டைத் துண்டைக் குறட்டால் பிடித்து இலை அடிக்கும்போது, குறடு ஒவ்வொரு அடிக்கும் நழுவும். நழுவிய துண்டைத் திருப்பிப் பிடிப்பதற்குள் சூடு போய்விடும். ஆறியதை அடிக்கத் தோன்றும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியிலேயே இலை, காம்பு, முறுக்கு மூன்றையும் முடித்துவிட்டு அதன் பிறகு வெட்ட வேண்டும். மறுமுனை கையில் பிடிக்கும் சூட்டிலேயே இருக்கும், குறடே வேண்டாம்.

உலை

மண் பூசிய இரும்புச் சட்டி, அடியிலோ பக்கவாட்டிலோ 25 மி.மீ. காற்றுக்குழாய், வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற சிறிய ப்ளோயர். துருத்தி இருந்தால் இன்னும் நல்லது. கை நின்றதும் காற்றும் நிற்கும், இரும்பு தானே எரிந்துபோகாது. கரி சீமைக்கருவேலங்கரியாக இருந்தால் சூடு போதும். ராமநாதபுரம் பக்கத்துக் கரிமூட்டம் போடுகிறவர்களின் சரக்கு பல ஊர் விறகுக்கடைக்கும் வருகிறது. அது வெடித்துத் தெறிக்கும், எனவே கண்ணாடியும் பருத்திச் சட்டையும் கட்டாயம். கரியை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்துப் போட வேண்டும். பெரிய துண்டுகளுக்கு இடையே காற்று நேராகப் பாய்ந்து இரும்பில் படும். சூடு ஏறுவதற்குப் பதில் செதில் ஏறும்.

காற்று நுழையும் இடத்துக்கு அருகில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். அங்கே வைத்த இரும்பு தின்னப்படும். அதற்கு மேலே 80 முதல் 100 மி.மீ. உயரத்தில்தான் வேலைக்கான சூடு. தடித்த கம்பியைச் சற்றுத் தாழ வைத்தாலும் தப்பித்துவிடும். இலை தப்பாது. விளிம்பில் மத்தாப்பு போலப் பொறி பறந்தால் அந்த விளிம்பு எரிந்துவிட்டது என்று பொருள். அடித்துச் சரிசெய்ய வழியில்லை, வெட்டி எறிய வேண்டியதுதான்.

உலையைக் கூரை நிழலில் வைப்பது வெயிலுக்குப் பயந்து அல்ல. சூட்டை நிறத்தால்தான் அறிகிறோம். மங்கல் சிவப்பு 700 பாகையை ஒட்டி, ஆரஞ்சு 900 முதல் 950, மஞ்சள் 1,050க்கு மேல். நேர் வெயிலில் ஆரஞ்சு கண்ணுக்கே தெரியாது. இன்னும் ஏறவில்லை என்று நினைத்துக் காற்றைக் கூட்டிக்கொண்டே போவோம். அதற்காக நான்கு பக்கமும் அடைத்த அறைக்குள்ளும் போகக் கூடாது. கரி எரியும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு உண்டு, அதற்கு மணமில்லை. கூரை மட்டும் உள்ள திறந்த கொட்டகைதான் சரி.

பட்டறைக்கல்லுக்குப் பதில் பலரும் தண்டவாளத் துண்டைத் தேடுகிறார்கள். 52 கிலோ வகைத் தண்டவாளம் என்றால் மீட்டருக்கு 52 கிலோ, 300 மி.மீ. துண்டு 15.6 கிலோ. படுக்கவைத்தால் நடுத்தண்டு மெலிந்திருப்பதால் அடி துள்ளும். மரக்கட்டையில் செங்குத்தாகப் பதித்து, வெட்டுமுகத்தில் அடித்தால் முழு எடையும் அடிக்கு நேர் கீழே நிற்கும், சத்தமும் குறையும். பில் இல்லாமல் மட்டும் வாங்க வேண்டாம். ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டம், 1966 என்று ஒன்று இருக்கிறது. துண்டு எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாதவர் மாட்டிக்கொள்வார்.

இலை எங்கே முறிந்தது

முறிந்த முகத்தைப் பார்த்தாலே பாதி விசாரணை முடிந்துவிடும். கழுத்தின் வெளிவட்டம் கரும்சாம்பல் நிறத்தில், மெல்லிய செதில் படிந்து இருந்தது. நடுவில் மட்டும் பளிச்சென்ற புதிய உலோகம். செதில் படிந்த பகுதி வளைக்கும்போது உடைந்ததல்ல. அதற்கு முன்பே, உலைக்குள் போய் வரும் காலத்திலேயே பிரிந்திருக்கிறது. வளைத்தது மிச்சத்தைத்தான் முறித்தது.

பிரிந்ததற்குக் காரணம் மடிப்பு. இலைக்கும் காம்புக்கும் நடுவே ஒரு தோள், அதாவது கனம் சட்டென்று குறையும் ஒரு படி, வேண்டும். கல்லின் விளிம்பில் கம்பியை வைத்து, சுத்தியல் முகத்தில் பாதி கல் மேலும் பாதி வெளியிலுமாக விழும்படி அடித்தால் தோள் விழும். விளிம்பு கூராக இருந்தால் அது இரும்பை ஒடுக்குவதற்குப் பதிலாக வெட்டும். அடுத்த அடியில் தோளின் உதடு அந்த வெட்டின் மேல் சரிந்து மூடிக்கொள்ளும். மேலே பார்த்தால் மூலையில் ஒரு கறுப்பு நூல்கோடு மட்டும் தெரியும். செதில்கோடு என்று நினைத்துக் கடந்துவிடுவது எளிது. கம்பித்தூரிகையால் தேய்த்தும் போகாத கோடு செதில் அல்ல, மடிப்பு. அதைப் பார்த்த உடனே நிறுத்தி, ஆறவிட்டு, வட்ட அரத்தால் கோடு மறையும் ஆழம் வரை தோண்டிவிட்டால் வேலை பிழைக்கும். இன்னொரு சூடு காட்டி அடித்தால் ஒட்டிவிடும் என்பது வீண் நம்பிக்கை. உள்ளே செதில் இருக்கிறது.

எனவே கல்லின் ஒரு விளிம்பில் 50 மி.மீ. நீளத்தை மட்டும் 3 முதல் 4 மி.மீ. ஆரத்துக்குத் தேய்த்து உருட்டி வைத்துக்கொள்ள வேண்டும். கழுத்து வேலை எல்லாம் அந்த இடத்தில்தான்.

இரண்டாவது தாங்கியில் இலை உருவான வரிசை இது.

கம்பி நுனியில் 40 மி.மீ. நீளத்தை மஞ்சளாகக் காய்ச்சி, நுனியை நான்கு பக்கக் கூம்பாக அடிப்பது முதல் வேலை. கூம்பு 20 மி.மீ. நீளம், முனை 3 மி.மீ. அதைவிடக் கூராக்க ஆசைப்படக் கூடாது. அடுத்தடுத்த சூட்டில் அந்த முனைதான் முதலில் எரியும். பின்கையைச் சற்று உயர்த்தி, கல்லின் தூர விளிம்பில் வைத்து, ஓர் அடிக்கு ஒரு கால் திருப்பு. முனை மீன்வாய் போலப் பிளந்தால் மேல்தோல் மட்டும் சூடாகி உள்ளே ஆறியிருக்கிறது, அல்லது அடி மிக லேசாக விழுகிறது. வெளிப்புறம் நீண்டு, நடு பின்தங்கிவிட்டது. பிளவை வெட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே குறைந்த நேரம் பிடிக்கும்.

கூம்பு 20 மி.மீ. என்றாலும் அதற்குள் இருப்பது 9 மி.மீ. கம்பியின் சரக்குதான். இலைக்கு 20 மி.மீ. சரக்கு வேண்டும் என்று முன்பு கண்டோம். ஆகவே கூம்பைத் தாண்டி இன்னும் 11 மி.மீ.; தோள் விழ வேண்டிய இடம் நுனியிலிருந்து 31 மி.மீ. ஆறிய நிலையில் அங்கே பஞ்ச்சால் ஒரு புள்ளி குத்தினால் சூட்டிலும் கண்ணுக்குத் தெரியும். சுண்ணக்கோடு தெரியாது.

உருட்டிய விளிம்பில் புள்ளியை வைத்து நான்கு பக்கமும் சுற்றி அடித்துக் கழுத்தை 7 மி.மீ. சதுரமாக்கி, அங்கிருந்து பின்னோக்கிக் காம்பை நீட்ட வேண்டும். நீட்டும்வரை சதுரமாகவே நீட்டி, பிறகு மூலைகளை அடித்து எட்டுப் பட்டையாக்கி, கடைசியில்தான் உருட்ட வேண்டும். தொடக்கத்திலிருந்தே உருட்டி உருட்டி அடித்தால் நடுவில் விரிசல் ஓடும். ஆரஞ்சு மங்கிச் சிவப்பானதும் நிறுத்த வேண்டும். சூட்டுக்குச் சூடு நேரம் மிச்சம் பிடிக்க முயல்கிறவர்கள்தான் அதிகம் கெடுக்கிறார்கள்.

காம்பு முழுவதும் முடிந்த பிறகே இலையைத் தட்டையாக்க வேண்டும் என்பது இந்த வேலையின் முக்கிய விதி. முதல் தாங்கியில் இலையை அழகாக விரித்து நரம்பும் போட்டுவிட்டு, பிறகு காம்பை நீட்டினார்கள். காம்புக்காக உலைக்குள் போன ஒவ்வொரு முறையும் இலையும் கூடவே போனது. விளிம்பு தேய்ந்து, 60 மி.மீ. இலை சுருங்கியது. அதைக் காப்பாற்றக் காற்றைக் குறைத்தார்கள். காம்புக்குச் சூடு பற்றவில்லை. ஆறிய காம்பில் அடி விழுந்தது. கழுத்து மடிப்பு இன்னும் ஆழமானதற்கு இதுவும் காரணம்.

விரிப்பதற்குச் சுத்தியலின் உருண்டை முனையோ, ஆப்பு முனையோ வேண்டும். ஆப்பு முனையின் கோடு இலையின் நீளவாக்கில் இருந்தால் இரும்பு அகலவாக்கில் நகரும். குறுக்காக இருந்தால் இலை நீண்டுகொண்டே போகும். நடுக்கோட்டை அடிக்காமல் விட்டு இருபக்கமும் விரித்தால் முதுகெலும்பு தானே நிற்கும். நடுவில் 2.5, விளிம்பில் 1.5 மி.மீ. இந்தக் கனத்தில் கல்லில் வைத்த சில நொடிகளில் இலை கறுத்துவிடும், கல்லே சூட்டை உறிஞ்சும். வேலை தொடங்கும் முன் ஒரு தடித்த இரும்பைச் சிவக்கக் காய்ச்சிக் கல் மேல் சிறிது நேரம் வைத்தால் கல்லின் குளிர் முறியும். அடுத்த அடி எங்கே என்பதை உலைமுன் நின்று யோசித்துவிட்டுத்தான் இலையை வெளியே எடுக்க வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் 12 மி.மீ. சதுரமாக வெட்டிய களிமண் துண்டில் இதே அடிகளை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். இரும்பு நகரும் விதமும் அதுதான்.

நரம்புக்கு மழுங்கிய உளி. முனை ஏறத்தாழ 1 மி.மீ. உருண்டு இருக்க வேண்டும். கூர் உளி நரம்பு போடாது, இலையைக் கீறும். கல்லின் மேல் 5 மி.மீ. மெல்லிரும்புத் தகடு ஒன்றை வைத்து, நடுநரம்பு முதலில், கிளைநரம்புகள் பிறகு. ஆழம் அரை மி.மீ. போதும். ஆறியதும் விளிம்பை அரத்தால் சீர்செய்து, மரக்கட்டையில் தோண்டிய குழியில் வைத்து இலையைக் குவிப்பது கடைசி.

கொக்கி வளைப்பு அதற்கும் பின்னால் வரும். ஆனால் முறிவு அங்கே நடந்ததால் இங்கேயே சொல்லிவிடலாம். காம்பு மட்டும் ஆரஞ்சாக இருக்க வேண்டும். இலையும் சிவந்திருந்தால் குவளையால் அதன் மேல் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காம்பை 30 மி.மீ. குழாயில் சுற்றி வளைக்கலாம். சூடு இறங்கியும் வளைத்துக்கொண்டே இருப்பது ஆபத்து. 200 முதல் 300 பாகையில் மெல்லிரும்பு, அறை வெப்பத்தில் இருப்பதைவிட நொறுங்கும் தன்மை கொண்டது. அப்போது அது சிவப்பும் இல்லை, ஆறியதும் இல்லை. பார்க்கக் கறுப்பாக, ஆறியது போலவே இருக்கும். பட்டறையில் கை சுடுவதும் பெரும்பாலும் அந்தக் கறுப்பு இரும்பில்தான்.

முறுக்கு

சுவரிலிருந்து 35 முதல் 115 மி.மீ. வரை, 80 மி.மீ. நீளத்தில் ஒன்றரைச் சுற்று. 12 மி.மீ. சதுரத்துக்கு இந்த அளவில் மூலைக்கோடு சரியாக 45 பாகைச் சாய்வில் ஓடும். கண்ணுக்கு நிறைவாக இருக்கும். அதற்கு மேல் முறுக்கினால் கயிறு மாதிரி ஆகிவிடுகிறது, இலையோடு ஒட்டாது.

முறுக்கு நெருங்கியதற்குக் காரணம் எளிது. சின்ன உலையில் நல்ல சூடு இருப்பது 60 மி.மீ. அகலத்தில்தான். 80 மி.மீ. கம்பியை அசையாமல் வைத்தால் நடு மஞ்சள், ஓரம் சிவப்பு. எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முறுக்கு முதலில் விழும். கம்பியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே காய்ச்ச வேண்டும், கடைசியில் காற்றைக் குறைத்துச் சூடு சமமாகப் பரவ விட வேண்டும். வைஸில் ஒரு குறியும், இருபக்கக் கைப்பிடி வைத்த திருகியில் இன்னொரு குறியுமாகப் பிடித்து, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகத் திருக வேண்டும். ஒற்றைப் பிடி ஸ்பேனர் கம்பியைப் பக்கவாட்டில் வளைத்துவிடும். ஓரிடம் முந்துவதாகத் தெரிந்தால் அங்கே மட்டும் தண்ணீரைச் சொட்டினால் அது நின்று, மற்ற இடம் பிடித்துக்கொள்ளும். கோணல் இருந்தால் மரக்கட்டையின் மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தலாம்; இரும்புச் சுத்தியல் பட்டால் மூலைகள் மழுங்கும்.

முறுக்கு முடிந்த பிறகுதான் 190 மி.மீ. அளந்து முளைக்கான இடத்தைக் குறித்து வெட்ட வேண்டும். முறுக்கில் நீளம் சற்றுக் குறையும்.

கை ஏன் ஆடியது

2.5 கிலோ, 250 மி.மீ. தூரத்தில். சுவரருகே வரும் வளைவுத் திருப்பம் 6.1 நியூட்டன் மீட்டர். 12 மி.மீ. சதுரக் கம்பிக்கு இது ஒன்றுமில்லை. தகைவு, அதாவது இரும்பின் ஒவ்வொரு சதுர மி.மீ.யிலும் விழும் விசை, 21 மெகாபாஸ்கல்தான், மெல்லிரும்பு நிரந்தரமாக வளைய 250 வேண்டும். ஆனால் கை பட்டைக்குள் நுழைவது 8 மி.மீ. உருண்டை முளையாக. சுருள் உதவாமல், தோளும் பதியாமல், அந்த முளை மட்டும் சுமந்தால் தகைவு 122 மெகாபாஸ்கலாக ஏறும். அப்போதும் உடையாது. ஆனால் தினமும் எண்ணெய் ஊற்றவும் திரி தூண்டவும் விளக்கைக் கீழே இழுத்து விடுகிறார்கள். ஒவ்வோர் இழுப்பிலும் முளை துளைக்குள் அசைந்து துளையைப் பெரிதாக்கும். முதல் தாங்கியில் நடந்தது இதுவே. சுருள் கையோடு ஒட்டாமல் 2 மி.மீ. இடைவெளி விட்டு நின்றது, ரிவிட் அடித்து இழுத்துச் சேர்த்திருந்தார்கள். அந்த இழுவிசையில் ரிவிட் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. அலங்காரம் என்று நினைத்த சுருள்தான் முக்கோணத்தின் மூன்றாம் பக்கம். அது சும்மா இருந்ததால் பாரம் எல்லாம் முளைக்குப் போயிற்று.

முளையிலும் இரண்டு தவறுகள் இருந்தன. தோளின் மூலையில் உருண்டை மிச்சம் இருந்ததால் கை பட்டையில் முழுதாக உட்காரவில்லை. நீளமும் போதவில்லை. தாங்கியின் பின்முகம் சுவரோடு தட்டையாக ஒட்ட வேண்டும் என்பதால் பின்னால் குமிழ்த் தலை வைக்க முடியாது. பட்டையின் பின்பக்கத் துளையை 3 மி.மீ. ஆழத்துக்குச் சரிவாக விரித்து, அந்தப் பள்ளத்துக்குள் முளையை அடித்து நிரப்ப வேண்டும். துளை 8.5, விரிந்த வாய் 14.5 என்றால் மொத்த இடம் ஏறத்தாழ 490 கன மி.மீ. 8 மி.மீ. முளையில் இது 9.7 மி.மீ. நீளம். ஆகவே முளை 11 மி.மீ. இருக்க வேண்டும், மிஞ்சுவதை அரம் பார்த்துக்கொள்ளும். முதல் தாங்கியில் அது 8 தான். பள்ளம் முழுதாக நிரம்பவில்லை.

முளையை அடித்து உருவாக்கியே தீர வேண்டும் என்ற வீம்பு தேவையில்லை. ரம்பத்தால் நான்கு பக்கமும் அறுத்து அரத்தால் உருட்டினால் கூர்மையான தோள் கிடைக்கும். அடித்தே செய்கிறவர், 25 மி.மீ. ஈ.என்.8 (நடுத்தரக் கரிம ஸ்டீல்) உருண்டையில் 8.2 மி.மீ. துளையிட்டு, முகத்தைத் தட்டையாக்கி, சிவந்த முளையின் மேல் மாட்டி ஓங்கி ஓர் அடி கொடுத்தால் தோள் சதுரமாகும். முளையை ஆரஞ்சாகக் காய்ச்சி, கையின் முறுக்கில்லாத பகுதியைச் செம்புத் தகடு வைத்த வைஸில் இறுக்கி, பட்டையை மாட்டி, முதல் இரண்டு அடி நேராக, மற்றவை சுற்றிலும். ஆறும்போது முளை சுருங்கிப் பட்டையை இறுக்கும். குளிர அடித்த முளைக்கு இந்தப் பிடி இல்லை. கொக்கி வளைப்பது இதற்குப் பிறகுதான், நேரான கம்பியை வைஸில் பிடிப்பது எளிது என்பதால்.

சுருளின் நீளத்தைக் கணக்கால் அறியலாம், சிமென்டுத் தரையில் முழு அளவில் வரைந்து நூல் வைத்தும் அளக்கலாம். மேல் சுருள் வெளி விட்டம் 70, உள் 20, ஒன்றரைச் சுற்று: 212 மி.மீ. கீழ்ச் சுருள் 50க்கு 16: 156. நடு முதுகு 180. மொத்தம் 548. இரு நுனியையும் 70 மி.மீ. நீளத்துக்கு 5 மி.மீ.யிலிருந்து 2 மி.மீ. கனமாக மெலிப்பதால் ஒவ்வொன்றிலும் 21 மி.மீ. நீட்சி கிடைக்கும். 510க்கு வெட்டலாம். மெலிக்கும்போது பட்டை அகலவாக்கில் விரியும். அவ்வப்போது நிமிர்த்திப் பக்கத்தில் அடித்து 20ஐக் காக்க வேண்டும். நுனியின் முதல் வளைவைக் கல் விளிம்பில் லேசான அடியால் எடுத்து, மீதியை வைஸில் செருகிய இரண்டு 12 மி.மீ. கம்பிகளுக்கு இடையே வளைக்கலாம். சூடு முடிந்த இடத்தில் மூலை விழும். சூட்டுக்குச் சூடு சற்று மேலேற்றிக் காய்ச்சுவதே பரிகாரம். ஒரே ஒரு சுருளுக்கு அச்சு செய்வது வீண். நான்கு தாங்கி வேண்டுமென்றால் அச்சு கட்டாயம்.

சுருள் கையையும் பட்டையையும் தானாகத் தொட்டு நின்ற பிறகே துளை போட வேண்டும். தாள் நுழைந்தால் இன்னொரு சூடு. ரிவிட் 6 மி.மீ., துளை 6.5. கையில் 12 சேர்த்துச் சுருளில் 5, ஆக 17. குமிழ்த் தலைக்கு விட்டத்தில் ஒன்றரைப் பங்கு, 9. தண்டு 26 மி.மீ. பட்டைப் பக்கம் 11 மி.மீ. கனம், பின்னால் பள்ளத் தலை என்பதால் 5 மட்டும் கூட்டி 16. கையில் துளையிட்ட இடத்தில் 12இல் 5.5 மி.மீ. இரும்புதான் மிஞ்சுகிறது, எனவே அது முறுக்குக்குள் வரவே கூடாது. சுவரிலிருந்து 130 மி.மீ.யில் வைத்தால் தப்பலாம்.

பழுப்புக் கோடு

முதல் தாங்கிக்குத் தேன்மெழுகும் ஆளிவிதை எண்ணெயும் பூசியிருந்தார்கள். கூடத்துக்குள் அது அருமையான பூச்சு. இரும்பைத் தண்ணீர்த் துளி சீறும் அளவுக்குச் சூடாக்கித் தேய்த்தால் அடித்த தடங்கள் கறுத்து மின்னும். எண்ணெய் துடைத்த துணியை மட்டும் உருட்டி மூலையில் போடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேரும்போது வெப்பம் விடும், உருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் அமுக்க வேண்டும்.

திண்ணையில் சாரல் அடிக்கும். கடலோர ஊரென்றால் உப்புக்காற்றும் உண்டு. மெழுகு அங்கே ஒரு மழைக்காலம் தாங்காது. பழுப்புக் கோடுகள் கிளம்பிய இடங்களும் காரணத்தைச் சொல்லின: முறுக்கின் பள்ளங்கள், சுருள் கையைத் தொடும் சந்து, பட்டையின் பின்முகம். மூன்றிலும் செதில் அப்படியே இருந்தது. செதில் இரும்பைக் காக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. விரிசல் இல்லாத செதில் காக்கலாம். அடித்த வேலையில் செதில் முழுதாக இருப்பதில்லை. விரிசல் வழியே நனைந்ததும் செதிலுக்கும் இரும்புக்கும் நடுவே மின்வேதி வினை தொடங்கி, அடியிலிருக்கும் இரும்பு குழிகுழியாகத் தின்னப்படும்.

இரண்டாவது தாங்கியில் ரிவிட் அடிக்கும் முன்பே ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக வினிகரில் ஓர் இரவு ஊறியது. தளர்ந்த செதிலைக் கம்பித்தூரிகையால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே சூடுகாட்டி உலர்த்தினார்கள். கழிவறை கழுவும் அமிலம் வேகமாக வேலை செய்யும்தான்; ஆனால் அதன் ஆவி பட்டறையில் உள்ள எல்லாக் கருவியையும் துருப்பிடிக்க வைக்கும், சந்தில் தங்கியது மாதக்கணக்கில் கசியும். உலர்ந்ததும் சந்துகளில் வரப்போகும் முகங்களுக்கும் பட்டையின் பின்முகத்துக்கும் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர். சூடான முளை தொடும் இடத்தை மட்டும் விட்டு, அடித்து முடித்த பிறகு தொட்டுவிட்டால் போதும். பிறகு முழுவதும் ஒரு பிரைமர், மங்கல் கறுப்பு எனாமல் இரண்டு கை. முறுக்கின் பள்ளத்தில் பெயின்ட் தேங்கினால் கோடு மழுங்கிவிடும், ஆகவே மெல்லிய தூரிகை.

சுவரில் இரண்டு 8 மி.மீ. ஸ்குரூக்கள், 240 மி.மீ. இடைவெளியில். மேல் ஸ்குரூவை வெளியே இழுக்கும் விசை 3 கிலோவைத் தாண்டாது. செங்கல் வரை போன பிளக் இதை எளிதாகத் தாங்கும். பூச்சோடு நின்ற பிளக் தாங்காது. 20 மி.மீ. பூச்சு இருக்கும் சுவரில் 75 மி.மீ. ஸ்குரூ வேண்டும். துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்குரூ போட்டால் தலைக்கு அடியில் ஒரு நைலான் வாஷரும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் பெயின்ட் கீறிய இடத்தில் தாங்கிதான் முதலில் துருப்பிடிக்கும்.